மாடு பார்க்க வந்தவர்

என் காதல் கதைகளில் எங்கே பார்த்தாலும் ஒரு மாடு வந்து நிற்கிறது என்று கொழும்புப் பத்திரிகை ஒன்றில் ஞாயிறு மலர் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அட்டனில் ஏதோ கூட்டத்துக்கு வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்.

"கதை நல்லா இருக்கும்மா. ஆனா அந்த மாட்டை எடுத்துட்டு ஒரு மானைப் போடலாமே. மான் வேணாம்னா ஒரு கிளி. படிக்கிறவங்களுக்கு இதமா இருக்கும்."

சரிங்க என்றேன். வீட்டுக்கு வந்து அடுத்த கதையில் இரண்டு மாடு போட்டேன். ஒன்று முட்டும்.

மானின் மேல் எனக்குச் சொந்தக் கோபம் ஒன்றும் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருந்த காட்டில் மரை என்கிற பெரிய மான் உண்டு. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் காய்கறிப் பாத்தியில் நாங்கள் போட்டிருந்த கோவாவையும் லீக்ஸையும் விடிவதற்குள் வந்து தின்றுவிட்டுப் போகும். அது போன பிறகு லயத்துப் பெண்கள் அதை வாழ்த்துகிற வாழ்த்தைக் கேட்டவர்கள் யாரும் அதை வைத்துக் காதல் கதை எழுதத் துணிய மாட்டார்கள்.

ஆனால் எழுதினார்கள். நான் படித்த கதைகள் எல்லாவற்றிலும் மான் இருந்தது. டவுனில் முஸ்லிம் நானா ஒருவர் சில்லறைக் கடை வைத்திருந்தார். இந்தியாவிலிருந்து வருகிற வாரப் பத்திரிகைகளையும், தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டுகளையும் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார். கசங்காமல் திருப்பிக் கொண்டுவந்தால் வேறு தருவார். அதனால் இன்றைக்கும் எனக்குக் காதல் என்று சொன்னால் லேசாகக் கருவாடு மணக்கும்.

எங்கள் லயத்துப் பெண்களில் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை இல்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து தலை பார்ப்பார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு கதை வாசிப்பேன். அவர்கள் பேன் குத்துகிற சத்தத்துக்கு நடுவில் கதாநாயகி ஏங்குவாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கதாநாயகி மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற இடம் வந்தால், "மான்ல உண்ணி இருக்குமே புள்ள, இவ மேலயெல்லாம் ஏறிக்காதா?" என்பாள் ஒருத்தி. காளையை அடக்கிப் பெண்ணைக் கட்டுகிற கதை வந்தால், அடக்கின காளையை அப்புறம் யார் வைத்துக்கொண்டார்கள், பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று சண்டை வந்துவிடும். அடுத்த காம்பராவில் இருந்த பெரியம்மாதான் எல்லாரையும்விட மோசம். அன்னத்தைத் தூது விட்ட கதையை நான் உருகி உருகி வாசித்து முடித்தபோது, அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அன்னம் போய் சொல்லுச்சு, சரி. ஏன், இவனுக்கு வாய் இல்லையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர்களுக்கு ரசனையே கிடையாது என்று புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ரசனை எனக்கு நிறைய இருந்தது.

கதையில் குதிரைக்கு ஒரு வேலை உண்டு, கதாநாயகனைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு குதிரைதான் இருந்தது. அதன் மேல் துரை இருந்தார். அது வருகிற சத்தம் கேட்டால் நாங்கள் பாதையை விட்டு மழைத் தண்ணி ஓடுகிற கானுக்குள் இறங்கி நிற்போம். சேற்றுக் கானுக்குள் நின்றுகொண்டு யாரும் யாரையும் காதலிக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்குள் ஒளிந்து சந்திக்கிற காதலர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன், ஒருத்தர் காலிலாவது அட்டை ஏற வேண்டுமே! ஏறியதில்லை. எழுதினவர் தேயிலையைக் கோப்பைக்குள் மட்டும் பார்த்தவர் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

மாடு எங்கள் வீட்டுக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். நாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்று இலங்கை, இந்தியா இரண்டு நாடுகளும் பேசிப் பேசி முடிவுக்கு வராமல் இருந்த காலம். மாடு யாருடையது என்பதில் மட்டும் எங்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. அது கீழ்க்கணக்கு மாடு.

எங்கள் தோட்டம் இரண்டு பிரிவு. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்போம். நாங்கள் மேலே. கீழ்க்கணக்கில் மாடுகள் கன்றுத் தேயிலைக்குள் இறங்கிவிட்டன என்று அங்கே இருந்த சின்னத்துரை, இனிமேல் லயத்தில் மாடே கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். சிலர் விற்றார்கள். சிலர் மேற்கணக்கில் தெரிந்தவர்களிடம் வாரத்துக்கு விட்டார்கள். வாரம் என்றால், மாடு அவர்களுடையது, வளர்ப்பது நாம். பாலும் சாணியும் நமக்கு. முதல் கன்று நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப் பேச்சுதான். மாட்டுக்காரருக்கு உள்ள ஒரே உரிமை, நினைத்தபோது வந்து மாட்டைப் பார்க்கலாம். வளர்க்கிறவர் மறுக்கக் கூடாது. வந்தவருக்கு ஒரு தேத்தண்ணியும் கொடுக்க வேண்டும்.

எங்களிடம் மாடு விட்டவர், கோயில் திருவிழாவில் என் அம்மாவுக்குப் பழக்கமான ஒரு விதவை. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய மகன். கவ்வாத்து வெட்டுகிற ஆள், முழங்கை வரைக்கும் தேயிலைக் குச்சி கீறின கோடுகள். செவலைக் கிடேரி, சினையாக இருந்தது. அவர் கயிற்றை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மாட்டைப் பார்த்தார். இந்த வரிசையை நான் அப்புறம் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார்.

"மாடு எப்படிங்கய்யா இருக்கு?"

"அந்தா நிக்குதுல்ல. பாரு தம்பி."

அவர் பார்த்தார். முன்னால் நின்று பார்த்தார், சுற்றிவந்து பின்னால் நின்று பார்த்தார்.

"கொஞ்சம் எளைச்ச மாதிரி இருக்குங்க" என்றார்.

என் அப்பா கோபக்காரர் இல்லை, ரோஷக்காரர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி திட்டினால் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு வந்த ஆளுக்குச் சரியாகச் சோறு போடவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த மாதம் முழுக்க அவரோடு பேச முடியாது. மாடும் அவருக்கு வீட்டுக்கு வந்த ஆள்தான். வந்தவர் போன பிறகு அப்பா மாட்டுக்கு முன்னால் போய் நின்று, "எளைச்சா போயிட்ட?" என்று அதையே கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாட்டுக்குத்தான் முதல் பந்தி. மானாப்புல் எந்தக் கானோரத்தில் இளசாக இருக்கிறதோ அங்கே போய் அறுத்துவர வேண்டியது என் வேலை. கொழுந்துக் கூடையை இறக்கின கையோடு புல்லுக் கட்டு. தவிடு, புண்ணாக்கு, சோறு வடித்த கஞ்சி எல்லாம் தொழுவத்துக்குப் போயிற்று. அம்மாவுக்குத்தான் எரிச்சல்.

"நான் வயித்துப்புள்ளக்காரியா இருந்தப்ப இந்த மனுசன் ஒரு மொடக்கு கஞ்சி ஊத்தித் தந்ததில்ல. இதுக்குப் பாரு உபசாரத்தை!"

அடுத்த ஞாயிறும் வந்தார். பார்த்தார். "முதுகெலும்பு கொஞ்சம் தெரியிற மாதிரி இருக்குங்க." அதற்கடுத்த ஞாயிறு, "விலாப் பக்கம் ஒட்டின மாதிரி இருக்குங்க." மாடோ நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு போயிற்று. தொழுவத்து வாசலில் நேராக நுழைந்துகொண்டிருந்த ஜீவன் பக்கவாட்டில் ஒருக்களித்து நுழைய ஆரம்பித்தது. வயிற்றில் கன்று வேறு. அதைப் பார்த்து இளைத்துவிட்டது என்று சொல்ல ஒன்று கண் தெரியக் கூடாது, அல்லது நெஞ்சழுத்தம் வேண்டும். அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

லயம் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் கதை வாசிப்புக்குக் கூட்டம் குறைந்தது. நான் ஒரு பக்கம் வாசிக்கும்போதே எல்லாருடைய கண்ணும் கீழேயிருந்து ஏறிவருகிற குறுக்குப் பாதையில்தான் இருக்கும். "அந்தா வந்துட்டாரு டாக்டர்" என்பாள் ஒருத்தி. அவர் வந்து நின்றதும் பேன் குத்துகிற சத்தம்கூட நின்றுவிடும். என்ன சொல்லப்போகிறார், இன்றைக்கு எந்த எலும்பு?

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால், கோப்பையால். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் தேத்தண்ணி குடித்தால் கோப்பையை வைத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அவர் குடித்துவிட்டுத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் கொண்டுபோய்க் கழுவி, கல்லில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவார். யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கிறார்களா என்றும் அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இதைப் போய் எந்தக் கதாசிரியரிடம் சொல்வது? அவர்கள் புலியோடு சண்டை போடுகிற ஆளையல்லவா தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் மாட்டைப் பார்க்க வருகிறாரா, என்னைப் பார்க்க வருகிறாரா? நான் படித்த கதைகளில் இதற்கு வழி இருந்தது. கூச்சப்படுகிற காதலன் மானைப் பார்த்து, அதன் கண்களைப் புகழ்வான். அது கதாநாயகியின் கண்களுக்குச் சொன்னது என்று எல்லாருக்கும் புரியும். இவரும் மாட்டைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் விலா எலும்பைப் பற்றிப் பேசினார். அதை என்னுடைய எதற்கு வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு துணிந்து ஒரு காரியம் செய்தேன். பங்களாத் தோட்டத்தில் வேலை செய்கிற அக்காவிடம் கேட்டு வாங்கின சிவப்பு டேலியாப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் வருகிற நேரமாகப் பார்த்து மாட்டுக்குப் புல் போடப் போனேன். அவர் வந்தார். நான் குனிந்தேன். மாடு எட்டி என் தலையிலிருந்த பூவைக் கவ்வித் தின்றுவிட்டது. சாவகாசமாக மென்றது.

அவர் முகம் மாறிப்போயிற்று. இப்போது ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"பூவெல்லாம் குடுக்காதீங்க. வயிறு ஊதிக்கும்" என்றார்.

அன்றைக்கு அந்த மாட்டை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மாட்டுக்காரரையும்தான்.

இதற்கிடையில் உடப்புசல்லாவையிலிருந்து என் அத்தை சொல்லி அனுப்பினார். அவருடைய மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் நிழலில் வேலை, குடி கிடையாது, நல்ல மனிதர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோழிகூட வளர்க்கவில்லை. மாசித் திருவிழா முடிந்த கையோடு பரிசம் போட வருகிறோம் என்று அத்தை சொல்லியிருந்தார். அப்பா, "தங்கச்சி கேட்டு எப்படி இல்லேங்கிறது, வரட்டும்" என்று பதில் சொல்லிவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

அன்றைக்கு அம்மா பீலியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மாட்டைப் பாத்துக்கிட்டே இருக்கிறவன் மாட்டைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். வாயத் தொறந்து கேட்டாத்தான் ஒங்கப்பா காதுல விழும். இல்லேன்னா திருவிழா முடிஞ்சதும் நீ உடப்புசல்லாவைக்குப் போற. பாத்துக்க."

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. டேலியாப் பூ மாட்டுக்கு என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு வந்தது. அப்பா அன்றைக்கு ஒரு முடிவோடு இருந்தார். காலையிலேயே மாட்டைப் பீலிக்கு ஓட்டிக்கொண்டுபோய் வைக்கோல் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார். கொம்புக்கு எண்ணெய் தடவினார். மாடு பளபளவென்று கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நின்றது. லயத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். மேல் லயத்திலிருந்தும் சிலர் இறங்கி வந்துவிட்டார்கள். இன்றைக்கு மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லிருங்க, சாமி, அப்புறம் வாயத் தொறந்து மத்ததையும் சொல்லிருங்க என்று வேண்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். அத்தை வீட்டுப் பேச்சு கீழ்க்கணக்குக்கும் போயிருக்க வேண்டும், முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, நல்லாப் பாரு" என்றார் அப்பா. "எல்லாரும் இருக்காங்க. பாத்துச் சொல்லு."

அவர் மாட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மாடும் அவரைப் பார்த்தது. எனக்குத் தெரிந்து எந்தக் கதையிலும் இரண்டு பேர் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டதில்லை.

"பின்பக்கம் மட்டும்..." என்றார். மாட்டைச் சுற்றிப் பின்னால் போய் நின்றார். "கொஞ்சம் ஒடுங்கின மாதிரி இருக்குங்கய்யா. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாத்தா தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. அப்பா கட்டுத்தறிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் கையில் திணித்தார்.

"ஓட்டிக்கிட்டுப் போ. ஒம்மாட்ட ஓட்டிக்கிட்டுப் போ தம்பி. நான் திங்கிற சோத்துல பாதியப் போட்டேன். பட்டினி போட்டேன்னு ஊரு முன்னால சொல்லிட்டல்ல? போதும்."

"ஐயா, நான் அப்படிச் சொல்லலீங்க..."

"கன்னும் வேணாம், ஒண்ணும் வேணாம். போ!"

ஈனப்போகிற நேரத்தில், நமக்குச் சேர வேண்டிய முதல் கன்றோடு மாட்டைத் திருப்பிக் கொடுத்த மனிதரை எங்கள் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. மாட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார். மாடு போக மாட்டேன் என்று திரும்பித் திரும்பிக் கத்தியது. அவர் திரும்பவில்லை.

நான் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒளித்து அழவெல்லாம் எனக்குத் தெம்பில்லை. பெண்கள் வந்து முதுகைத் தடவினார்கள். "அழுவாத புள்ள. வேற மாடு வரும்" என்றாள் ஒருத்தி. அம்மா மட்டும் என் தலையைத் தன் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் அப்பா வேலை முடிந்து வரும்போது ஒருநாள் பழக்கதோஷத்தில் புல்லுக் கட்டோடு வந்துவிட்டார். தொழுவத்து வாசல் வரைக்கும் போய், காலியாகக் கிடந்த கட்டுத்தறியைப் பார்த்துவிட்டு, கட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. முழுக்க இல்லை. திருவிழா முடிந்து தேர் நிலைக்கு வந்துவிட்டது. அத்தை வீட்டார் புதன்கிழமை வருவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறல். புகை மாதிரி மூட்டம் இறங்கி எதிர் லயம் தெரியவில்லை. எனக்குக் கதை வாசிக்க மனமில்லை, கேட்கவும் யாருக்கும் மனமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது குறுக்குப் பாதையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு ஆள் ஏறி வந்தார்.

அவர்தான். மாடு இல்லாத வீட்டுக்கு வர அவருக்கு ஒரு உரிமையும் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் ஏறாமல் தூறலிலேயே நின்றார். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து அவரைப் பார்த்தார். விரட்டப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"மாடு எங்க?" என்றார் அப்பா.

"கொத்மலைப் பக்கம், அம்மாவுக்குத் தெரிஞ்ச சிங்கள ஆளுங்க வீட்டுல கட்டியிருக்கேங்க."

"எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வியை அதுவரைக்கும் அவர்தான் கேட்டிருக்கிறார். அப்பா கேட்டதும் அவருக்குக் குழம்பிப்போயிற்று. பழக்கத்தில் பழைய பதிலே வந்துவிட்டது.

"எளைச்சுப் போச்சுங்கய்யா."

அப்பாவுக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை. எழுந்துவிட்டார். "திங்கலையா? தவிடு கலந்து வச்சாங்களா?"

"வச்சாங்க. மோந்து பாத்துட்டு நிக்குது. அதுக்குப் பழகின ஆளு வேணுங்க. ஒங்க மக கையால தின்னு பழகிருச்சு. அதான்... ஒங்க மகள... எங்கம்மாவும் சரின்னுட்டாங்க... அவங்க வந்து பாத்துக்கிட்டாங்கன்னா..."

"எம்மக கொத்மலைக்குப் போயி மாடு பாக்கணுமா?"

"இல்லீங்க, எங்க வீட்டுக்கு."

"ஒங்க வீட்டுலதான் மாடு கட்ட விட மாட்டானே சின்னத்துரை?"

"ஆமாங்க" என்றார் அவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெண் கேட்கிறார்! கடைசியில் கேட்டேவிட்டார், அதுவும் எப்படி, மாட்டுக்குப் புல் போட ஆள் கேட்கிற மாதிரி. நான் கருவாட்டு நெடியில் மூச்சு முட்டப் படித்த அத்தனை கதையும் அப்போது எனக்குத் தலைக்கு ஏறியது. சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் ஆத்திரம்தான் முதலில் வாய்க்கு வரும். ஆம்பிளைகள் பேசுகிற இடத்தில் அதுவரை நான் வாய் திறந்ததே இல்லை.

"மாட்டுக்காகன்னா நான் வரல" என்றேன்.

அம்மா கையிலிருந்த சுளகை வைத்துவிட்டார். அப்பா திரும்பி, யாரோ வேற்று ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அப்போது அடுத்த காம்பரா வாசலிலிருந்து பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"ஏந்தம்பி, ஒனக்கு வாய் இல்லையா?"

அவர் தலையிலிருந்த சாக்கை எடுத்தார். இந்தத் தடவை பார்ப்பதற்கு மாடு இல்லை. என்னைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார்.

"மாடு நல்லாத்தான் இருக்கு" என்றார். "கொத்மலையில நல்லாத் திங்குது. இங்கயும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒருநாளும் எளைக்கல. ஐயா மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க." கையிலிருந்த சாக்கைச் சுருட்டினார். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, அடுத்த ஞாயித்துக்கெழம என்ன சொல்லிக்கிட்டு இங்க வர்றதுன்னு எனக்குத் தெரியல."

நான் உள்ளே ஓடிவிட்டேன். கதைகளில் இந்த இடத்தில் வெட்கப்பட்டு ஓடுவார்கள். நான் அழுகிற முகம் அசிங்கமாக இருக்கும் என்று ஓடினேன்.

கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா மழையில் இறங்கி லயத்தின் நடுவுக்குப் போய், மூட்டத்துக்குள் தெரியாத எதிர் லயத்தையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? ஒருநாளும் எளைக்கலையாம்! மாட்டுக்காரன் வாயாலயே சொல்லிட்டான். ஒருநாளும் எளைக்கல!"

மகளைப் பெண் கேட்டது அவருக்கு இரண்டாவது செய்திதான். முதல் செய்தியை எல்லா வாசலுக்கும் சொல்லி முடித்துவிட்டு, நனைந்துபோய் வந்து உட்கார்ந்தார். "தம்பி, மழையில நிக்காத, ஏறி உக்காரு" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "புள்ள, தேத்தண்ணி கொண்டா" என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்தார். மழையிலேயே பீலிக்குப் போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை அப்பா ஒருநாள் லீவு போட்டு உடப்புசல்லாவைக்குப் போய் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னார். அத்தை இரண்டு வருஷம் எங்களோடு பேசவில்லை. என் மூத்த மகன் பிறந்தபோது பிள்ளைப்பேற்று மருந்துக் காயம் இடித்துக்கொண்டு அவரே வந்து சேர்ந்தார். முறை மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். பிற்பாடு கோழி வளர்த்தார் என்று கேள்வி.

மாடு கொத்மலையிலிருந்து திரும்பி அப்பாவிடமே வந்தது. வாரம் பழையபடிதான். கிடேரிக் கன்று போட்டது, அது அப்பாவுக்கு. நான் கீழ்க்கணக்குக்கு வாழப் போனேன். அங்கே மாடு கட்டக் கூடாது. என்னைக் கேட்டது மாட்டுக்கு ஆள் வேண்டும் என்று, போன இடத்தில் மாடே இல்லை. இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டாத வருஷம் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டு கோப்பையைக் கழுவப் போய்விடுவார்.

கொழும்பு ஆசிரியருக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் இருந்தார்.

கல்யாணம் முடிந்தவள் பிறந்த வீட்டுக்கு நினைத்தபடி போய்வர முடியாது. மாமியார் நல்லவர்தான், ஆனாலும் லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மாட்டுக்காரர் வீட்டு ஆள் மாட்டைப் பார்க்கப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இப்போது நானும் மாட்டுக்காரர் வீட்டு ஆள்தானே. கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறினேன்.

அப்பா தொழுவத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "மாடு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, நல்லா இருக்கு" என்றார். பிறகு என்னை முன்னால் நின்று பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நீதான் புள்ள கொஞ்சம் எளைச்ச மாதிரி இருக்க" என்றார்.

நான் இளைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.